42 ஆட்டத்தோடு ஃப்ளீட் வாக்கர் நின்றுபோனது ஏன்?

கேள்வி இதுதான்: "ஜாக்கி ராபின்சனுக்கு (1947-ல் பெரிய லீக்கில் இறங்கி, 'முதல் கறுப்பினத்தவர்' என்று பெயர் வாங்கியவர்) அறுபது வருடம் முன்பே மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பினத்தவர் அமெரிக்காவின் பெரிய லீக்கில் பேஸ்பால் ஆடியிருக்கிறாராமே? 42 ஆட்டம்தானாம். உண்மையில் அவர்தான் முதல் ஆளா? ஏன் 42-ஓடு நின்றது? ஆட்டம் போதவில்லையா, நிறம்தான் காரணமா?" மூன்று கேள்விகள் மாதிரி இருந்தாலும், கேட்டவருக்கு உறுத்துவது கடைசி வரிதான் என்று எடுத்துக்கொள்கிறேன். சுருக்கமான பதில் முதலில்: அந்த சீசனில் அவரை உட்காரவைத்தது உடம்பில் பட்ட அடி. பெரிய லீக் பக்கம் மறுபடி வரவிடாமல் செய்தது நிறம். இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதால்தான் ஒரு பக்கம் "அவரை வெள்ளைக்காரர்கள் விரட்டியடித்தார்கள்" என்றும், இன்னொரு பக்கம் "சுமாரான ஆட்டக்காரர், அடிபட்டுப் போனார், அவ்வளவுதான்" என்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. சென்னையில் லீக் கிரிக்கெட்டுக்குப் பல வருடம் ஸ்கோர் எழுதியவன். வேலைக்காக ஒஹாயோ வந்த பிறகு அந்தப் பழக்கம் பேஸ்பாலுக்குத் தாவியது. பழைய செய்தித்தாள்களில் வரும் பாக்ஸ் ஸ்கோர்களை, அதாவது ஒரு ஆட்டம் முழுவதையும் நாலு அங்குலத்தில் அடக்கிய அந்தச் சின்னக் கட்டங்களை, வாசிப்பது எனக்குப் பொழுதுபோக்கு. அதனால் எண்கள் எதைச் சொல்கின்றன, எதை மறைக்கின்றன என்று கொஞ்சம் தைரியமாகப் பேசுவேன். அமெரிக்க இன வரலாற்றை முழுக்கக் கரைத்துக் குடித்தவன் என்று நினைத்துவிடாதீர்கள்.

வாக்கர் பிறந்தது 1856 அக்டோபர் 7, ஒஹாயோவின் கிழக்கு ஓரத்தில் மவுண்ட் பிளெசன்ட் என்ற சிற்றூரில். அடிமை முறையை எதிர்த்த குவேக்கர் கிறிஸ்தவர்கள் நிறைந்த ஊர் அது. தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமைகளை ஒளித்துவைத்து வடக்கே அனுப்பிய இடங்களில் ஒன்று. குடும்பம் பிறகு பக்கத்தில் உள்ள ஸ்டூபன்வில்லுக்குப் பெயர்ந்தது. அப்பா மருத்துவர், பிற்பாடு சபைப் போதகரும் ஆனார். ஆக, பஞ்சத்தில் அடிபட்ட பிள்ளை இல்லை. படித்த, கௌரவமான வீட்டுப் பையன். 1830-களிலிருந்தே கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட ஓபர்லின் கல்லூரிக்குப் போனார். 1881-ல் அந்தக் கல்லூரியின் பேஸ்பால் அணி மிச்சிகன் பல்கலைக்கழகத்தை 9-2 என்று வீழ்த்தியது. தோற்ற மிச்சிகனே அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அங்கே சட்டம் படித்தபடி 1882-ல் ஆடினார், அதே வருடம் கல்யாணமும் செய்துகொண்டார். பட்டம் வாங்கவில்லை. பேஸ்பாலில் காசு வர ஆரம்பித்துவிட்டது.

1881 ஆகஸ்டில் கென்டக்கியின் லூயிவில் நகரத்தில் நடந்த ஒரு சம்பவத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் வரப்போவதெல்லாம் அதற்குள் அடங்கியிருக்கிறது. கிளீவ்லாந்தில் ஒரு தையல் மெஷின் கம்பெனியின் அணிக்காக, காசு வாங்கிக்கொண்டு ஆட வாக்கர் போயிருந்தார். எதிரணி லூயிவில் எக்லிப்ஸ். கறுப்பினத்தவர் இறங்கினால் ஆட மாட்டோம் என்று அவர்கள் சொல்ல, வாக்கரை வெளியே உட்காரவைத்தார்கள். அவருக்குப் பதிலாக கேட்சராக, அதாவது பேட் பிடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்து பிடிப்பவராக, நின்றவருக்குக் கையில் பலமாக அடிபட்டது, இனி முடியாது என்று விலகிவிட்டார். கூட்டமோ வாக்கரைக் கூப்பிட்டது. அவரும் இறங்கிப் பயிற்சிக்காக நாலு பந்து பிடித்தார், கூட்டம் கைதட்டியது. ஆனால் லூயிவில் ஆட்டக்காரர்கள் இருவர் மைதானத்தை விட்டு வெளியேறி உடைமாற்றும் அறைக்குப் போய்விட்டார்கள். கடைசியில் மூன்றாம் பேஸில் (பேஸ் என்பது ஆட்டக்காரர் ஓடி எட்ட வேண்டிய நான்கு இடங்களில் ஒன்று) நின்றவர் வந்து பந்து பிடித்தார், வாக்கர் திரும்பி நடந்தார். காசு கொடுத்து உள்ளே வந்த வெள்ளைக்காரக் கூட்டம் அவர் ஆடட்டும் என்றது, ஆட விடாதவர்கள் எதிரணியின் இரண்டு மூன்று பேர் என்பதைக் கவனியுங்கள். சட்டம் எதுவும் இல்லை. முகம் சுளிக்க ஒருவர், ஒத்துப்போக மற்றவர்கள், அவ்வளவுதான் தேவைப்பட்டது.

1883-ல் ஒஹாயோவின் டொலிடோ புளூ ஸ்டாக்கிங்ஸ் அணி அவரை எடுத்தது. அப்போது அது நார்த்வெஸ்டர்ன் லீக் என்ற சிறிய லீக்கில் இருந்தது. சீசன் தொடங்கும் முன்பே, கறுப்பின ஆட்டக்காரர்களுக்குத் தடை போட வேண்டும் என்று பியோரியா அணியின் பிரதிநிதி கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். வாக்குவாதம் நடந்து தீர்மானம் வாபஸ் ஆனது. வாக்கர் அந்த வருடம் 60 ஆட்டம் ஆடினார், பேட்டிங் சராசரி .251 (ஆயிரம் முறை பேட் பிடித்தால் 251 ஹிட் என்ற கணக்கு; ஹிட் என்றால் பந்தை அடித்துப் பேஸை எட்டுவது), டொலிடோ கோப்பையை வென்றது. ஆகஸ்ட் 10 அன்று பெரிய லீக் அணியான சிகாகோ ஒயிட் ஸ்டாக்கிங்ஸ், லீக் கணக்கில் வராத ஒரு காட்சி ஆட்டத்துக்கு டொலிடோ வந்தது. அவர்களுடைய கேப்டன் கேப் ஆன்சன், அந்தக் காலத்தின் மிகப் பெரிய பெயர். வாக்கர் இருந்தால் ஆட மாட்டேன் என்று முரண்டு பிடித்தார். வேடிக்கை என்னவென்றால், கையில் காயம் இருந்ததால் அன்று வாக்கரை இறக்கும் எண்ணமே டொலிடோவுக்கு இல்லை. ஆன்சன் முறைத்ததைப் பார்த்த மேனேஜர் சார்லி மார்ட்டன் அவரை வேண்டுமென்றே ரைட் ஃபீல்டில், அதாவது அவுட்ஃபீல்டின் வலது பக்கத்தில், நிறுத்தினார். ஆடாவிட்டால் வசூலில் உங்கள் பங்கு கிடைக்காது என்றும் சொன்னார். ஆன்சன் ஆடினார். பத்து இன்னிங்ஸ் போய் சிகாகோ 7-6 என்று ஜெயித்தது. பணம் வேறு பக்கம் இழுக்கும்போது கொள்கை எவ்வளவு நேரம் தாங்கும் என்று அன்று எல்லோரும் பார்த்தார்கள். ஆன்சனும் பாடம் படித்துக்கொண்டார்: அடுத்த வருடக் காட்சி ஆட்டத்துக்கு முன்னால், கறுப்பினத்தவரை இறக்க மாட்டோம் என்ற உறுதிமொழியை சிகாகோ நிர்வாகம் கடிதம் எழுதிக் கேட்டு வாங்கியது. அந்த ஆட்டத்தில் வாக்கர் இறங்கவில்லை.

1884-ல் டொலிடோ அமெரிக்கன் அசோசியேஷனில் சேர்ந்தது. ஏற்கெனவே இருந்த பெரிய லீக்கான நேஷனல் லீக்குக்குப் போட்டியாக 1882-ல் தொடங்கிய லீக் அது. 25 சென்ட் டிக்கெட், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், மைதானத்தில் பீர் என்று கூட்டத்தைப் பிடித்தது. அதை "பெரிய லீக்" என்று நாம் சொல்வதற்கு 1969-ல் கூடிய ஆவணக் குழு ஒன்றின் பட்டியலும் காரணம். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, "முதல் ஆள்" என்ற கேள்விக்கு வரும்போது இந்தப் பட்டியல் விஷயம் மறுபடி தலைகாட்டும். மே 1 அன்று வாக்கரின் முதல் பெரிய லீக் ஆட்டம். எதிரணி யார் தெரியுமா? அதே லூயிவில் எக்லிப்ஸ், அதே ஊர். மூன்று முறை பேட் பிடித்து ஒரு ஹிட்டும் இல்லை, ஃபீல்டிங்கில் நாலு எரர் (ஃபீல்டரின் தவறு என்று ஸ்கோரர் எழுதுவது). மோசமான நாள், அதில் சந்தேகம் இல்லை.

இந்த "எரர்" பற்றி ஸ்கோரராக நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அந்தக் காலத்து கேட்சர் வேலையை நம் விக்கெட் கீப்பர் வேலையோடு ஒப்பிட்டால் ஓரளவு புரியும், ஆனால் கையுறையைக் கழற்றிவிட்டு யோசியுங்கள். முகமூடி 1870-களின் கடைசியில் வந்துவிட்டது. கைக்கு, விரல் நுனி வெட்டிய மெல்லிய தோலுறை இருந்தால் அதிகம், பலர் வெறுங்கையில்தான் பிடித்தார்கள். வாக்கர் சில நாள் ஆட்டுத்தோல் உறை போட்டுக்கொள்வார், பல நாள் அதுவும் இல்லை. பந்து வீசுபவரான பிட்சர் இன்றைய 60 அடி 6 அங்குலத்தில் இல்லை, ஐம்பது அடியில் நின்றார். தாழ்வாக வீசும் பழைய முறை மாறி, வீசும் கை மேலே போகப் போக வேகமும் ஏறிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. கேட்சர்களின் விரல்கள் ஒவ்வொரு கணுவிலும் ஒவ்வொரு திசைக்கு வளைந்திருக்கும். கேட்சர் என்றால் வாரத்தில் பாதி நாள் கை வீங்கி உட்கார்ந்திருப்பார் என்பது எல்லா அணிக்கும் தெரிந்த கணக்கு, அதனால் இரண்டு மூன்று கேட்சர் வைத்திருந்தார்கள். நூறு ஆட்டத்துக்கு மேல் போட்டு முடித்த அணியில் ஒரு கேட்சர் 42 ஆடினார் என்பது இன்று கேட்டால் குறைவு, அன்றைக்கு அப்படி இல்லை.

இப்போது டோனி முலேனுக்கு வருவோம். டொலிடோவின் முதன்மைப் பிட்சர், அந்த ஒரே வருடத்தில் 36 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தவர், இரண்டு கையாலும் வீசத் தெரிந்தவர். அடுத்து என்ன பந்து வேண்டும் என்று கேட்சர் சைகை காட்டுவார், பிட்சர் அதை வீசுவார், அதுதான் முறை. முலேன் பிற்காலத்தில், 1919-ல், ஒரு பத்திரிகையிடம் தானே வாய்விட்டுச் சொன்னது: தான் பந்து வீசியவர்களிலேயே சிறந்த கேட்சர் வாக்கர்தான், ஆனால் தனக்குக் கறுப்பினத்தவர் என்றாலே பிடிக்காது, அதனால் அவர் காட்டும் சைகையைப் பார்க்காமல் இஷ்டத்துக்கு வீசுவேன். ஒருநாள் வாக்கர் வளைபந்துக்குச் சைகை காட்ட, முலேன் வேகப்பந்தை விட்டார். அதைப் பிடித்த வாக்கர் நேரே முலேனிடம் நடந்து வந்தார். சைகையே இல்லாமல் வேண்டுமானாலும் பிடிக்கிறேன், நான் ஒன்று காட்டி நீங்கள் வேறொன்றை வீசினால் பிடிக்க மாட்டேன் என்றாராம். மிச்ச சீசன் முழுக்க என்ன வரப்போகிறது என்றே தெரியாமல் பிடித்தார் என்று முலேனே சொல்கிறார்.

35 வருடம் கழித்துச் சொன்ன கதை, அதில் வார்த்தைக்கு வார்த்தை நிஜம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் தன்னைக் கெட்டவனாகக் காட்டும் கதையை ஒருவன் இட்டுக்கட்டுவது அரிது, அதனால் சாரத்தை நம்புகிறேன். என் சொந்த அனுபவம் ஒன்றும் அதற்குக் காரணம். ஒரு லீக் ஆட்டத்தில் சுழற்பந்து வீச்சாளருக்கும் கீப்பருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, பணத் தகராறு. கூக்ளிக்கு இருவருக்குள்ளும் ஒரு அடையாளம் இருந்தது, அன்று வீச்சாளர் அதைக் காட்டவே இல்லை. பந்து கீப்பரின் இடுப்பைத் தாண்டிப் பவுண்டரிக்கு ஓடிக்கொண்டே இருந்தது. நான் என்ன எழுதினேன்? பை, பை, பை. எல்லாம் கீப்பர் கணக்கில். அவர்களுக்குள் சண்டை என்று எனக்கு மரத்தடியில் உட்கார்ந்தபடியே தெரியும், ஆனால் அதை எழுத ஸ்கோர் புத்தகத்தில் கட்டம் கிடையாது. வாக்கரின் 1884 வரிசையில் எரரும், கைவிட்ட பந்தும் நிறையத்தான் இருக்கின்றன. அவற்றில் எத்தனை அவருடையது, எத்தனை முலேனுடையது என்று பிரித்தெடுக்க எந்தப் பாக்ஸ் ஸ்கோரும் உதவாது. ஆகவே "ஃபீல்டிங் சுமார்" என்று அந்த எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன்.

பேட்டிங்கில் அந்தக் குழப்பம் இல்லை. 152 முறை பேட் பிடித்து 40 ஹிட், சராசரி .263. லீக் சராசரியைவிட நன்றாகவே மேலே. டொலிடோ அணிக்குள் முதல் மூன்று இடங்களில் ஒன்று. கேட்சரிடம் பேட்டிங்கை யாரும் பெரிதாக எதிர்பார்க்காத காலத்தில் இது நல்ல வரவு. எனவே "ஆட்டம் போதவில்லையா" என்ற பகுதிக்கு என் பதில் உறுதியானது: போதுமான அளவுக்கு மேல் இருந்தது. நட்சத்திரம் இல்லை. ஆனால் அவரைவிடக் குறைவாக அடித்த எத்தனையோ வெள்ளைக்காரக் கேட்சர்கள் அடுத்த பல வருடம் இந்த அணி, அந்த அணி என்று மாறி மாறி வேலை வாங்கினார்கள்.

சரி, சீசன் எப்படி முடிந்தது? ஜூலையில் பேட்டில் உரசித் திசைமாறிய பந்து (ஃபவுல் டிப்) ஒன்று விலா எலும்பை உடைத்தது. அதற்குப் பிறகு வந்தும் போயும் ஆடினார். கடைசி ஆட்டம் செப்டம்பர் 4. மறுநாள் தேதியிட்டு மேனேஜர் மார்ட்டனுக்கு வர்ஜீனியாவின் ரிச்மண்டிலிருந்து ஒரு கடிதம்: நீங்கள் இங்கே ஆட வரும்போது வாக்கரைச் சீருடையில் இறக்கினால், அவரைக் கும்பலாகத் தாக்கச் சபதம் எடுத்த 75 பேரின் பெயரைச் சொல்வோம், இது எச்சரிக்கை. நான்கு கையெழுத்து, நான்கும் பொய்ப் பெயர். ரிச்மண்ட் உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் தலைநகர், அந்தப் போர் முடிந்து இருபது வருடம்கூட ஆகவில்லை. இந்தக் கடிதத்தைக் காட்டி "அதனால்தான் அவரை நீக்கினார்கள்" என்று பல இடங்களில் படிக்கலாம். கதைக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் வரிசை இடிக்கிறது. கடிதம் வந்த நேரத்தில் அவர் ஏற்கெனவே காயத்தால் ஆட முடியாத நிலையில் இருந்தார். அணி ரிச்மண்டுக்குப் போகும் முன்பே, செப்டம்பர் கடைசியில், விடுவிக்கப்பட்டார். டொலிடோவே பணமில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது. எட்டாவது இடத்தில் முடித்து, அடுத்த வருடம் லீக்கிலிருந்தே காணாமல் போனது. மிரட்டல் உண்மை. அதுதான் அவரை நிறுத்தியது என்பது நிரூபணம் ஆகாதது.

நிறத்தின் வேலை அதற்கு அப்புறம்தான் ஆரம்பம். டொலிடோ கலைந்தபோது அங்கிருந்த நல்ல ஆட்டக்காரர்களுக்கு வேறு பெரிய லீக் அணிகள் கதவைத் திறந்தன. முலேனுக்காக அணிகள் அடித்துக்கொண்டன. வாக்கரை எந்தப் பெரிய லீக் அணியும் கூப்பிடவில்லை. அவர் கிளீவ்லாந்தில், வாட்டர்பரியில் என்று சிறிய லீக்குகளில் ஆடிக்கொண்டே இருந்தார். 1887-ல் இன்டர்நேஷனல் லீக்கில் நியூவர்க் அணி. அங்கே பிட்சர் ஜார்ஜ் ஸ்டோவியும் கறுப்பினத்தவர், அந்த வருடம் முப்பதுக்கு மேல் ஆட்டம் வென்றவர். வீசுபவர், பிடிப்பவர் இருவருமே கறுப்பினத்தவர் என்ற ஜோடியை அந்த லீக் பார்த்தது அதுதான் முதல் முறை. ஜூலை 14 அன்று இரண்டு காரியம் ஒரே நாளில் நடந்தன. நியூவர்க்குக்குக் காட்சி ஆட்டம் ஆட ஆன்சனின் சிகாகோ வந்தது. ஸ்டோவியும் இறங்கவில்லை, வாக்கரும் இறங்கவில்லை. ஸ்டோவிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லப்பட்டது. அதே நாள் பஃபலோவில் லீக் நிர்வாகிகள் கூடி, இனி கறுப்பின ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தருவதில்லை என்று 6-4 வாக்கில் முடிவெடுத்தார்கள். இருப்பவர்கள் இருக்கலாம், புதிதாக யாரும் வேண்டாம்.

இங்கே ஆன்சன் மேல் எல்லாப் பழியையும் போடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. அவர் இனவெறியர், அதில் இரண்டாவது பேச்சு இல்லை. தன் புகழை அதற்காகவே பயன்படுத்தியவர். ஆனால் பஃபலோ கூட்டத்தில் அவர் இல்லை, அது அவருடைய லீக்கும் இல்லை. லூயிவில்லில் மைதானத்தை விட்டுப் போன இருவர், பியோரியாவின் பிரதிநிதி, கறுப்பின சக ஆட்டக்காரரோடு ஒரே குழுப் படத்தில் உட்கார மறுத்த சிறிய லீக் ஆட்டக்காரர்கள், வாக்களித்த ஆறு பேர், ஒப்பந்தம் அனுப்பாமல் சும்மா இருந்த உரிமையாளர்கள் என்று கை நிறையப் பேருடையது. பெரிய லீக்குகளில் இப்படியொரு தடை எழுத்தில் வந்ததே கிடையாது. ஒருவருக்கொருவர் பேசிவைத்துக்கொண்ட ஏற்பாடு. எழுதியிருந்தால் எதிர்த்து வழக்குப் போடலாம், வாபஸ் வாங்கவைக்கலாம். பியோரியா தீர்மானத்துக்கு நடந்ததே அதுதான். எழுதாததை யாரிடம் போய் நிறுத்துவது?

வாக்கர் 1888-லும் 1889-லும் அதே இன்டர்நேஷனல் லீக்கின் சிராக்யூஸ் அணியில் ஆடினார், 1889 ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டார். அந்த லீக்கில் அவருக்குப் பின் அடுத்த கறுப்பின ஆட்டக்காரர் கால்வைத்தது 1946-ல், மான்ட்ரியல் அணிக்காக. பெயர் ஜாக்கி ராபின்சன்.

இடையில் தம்பி வெல்டியையும் விட்டுவிடக் கூடாது. 1884-ல் டொலிடோவில் ஆள் பற்றாக்குறை வந்தபோது அவுட்ஃபீல்டில் ஐந்து ஆட்டம் ஆடியவர் அவர். 1888 மார்ச்சில் ட்ரை-ஸ்டேட் லீக் கறுப்பினத்தவரைத் தடுக்கிறது என்று கேள்விப்பட்டு, லீக் தலைவருக்கு வெல்டி எழுதிய பகிரங்கக் கடிதம் 'ஸ்போர்ட்டிங் லைஃப்' பத்திரிகையில் வந்தது. ஒருவனை நிறுத்துவதென்றால் திறமை, நடத்தை, அறிவு இவற்றில் குறை இருக்கட்டும், நிறம் ஒரு காரணமா என்று கேட்டார். எங்கள் காசு டிக்கெட் கவுன்டரில் மட்டும் செல்லுமா, அப்படியானால் எங்களை உள்ளேயே விடாதீர்கள் என்கிற தொனி. அண்ணன் களத்தில் பேசாததை எல்லாம் தம்பி அந்தக் கடிதத்தில் பேசிவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

இனி "முதல் ஆளா" என்ற கேள்வி. இருபது வருடம் முன்பு வரை ஆமாம் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். பிறகு ஆய்வாளர்கள் வில்லியம் எட்வர்ட் ஒயிட் என்பவரைக் கண்டெடுத்தார்கள். பிரவுன் பல்கலைக்கழக மாணவர். 1879 ஜூன் 21 அன்று பிராவிடன்ஸ் கிரேஸ் அணியின் முதல் பேஸ்மேனுக்கு அடிபட்டதால், ஒரே ஒரு ஆட்டம் நேஷனல் லீக்கில் அவர் இடத்தில் நின்றார், ஒரு ஹிட் அடித்தார். ஜார்ஜியாவில் ஒரு வெள்ளைக்காரப் பண்ணை முதலாளிக்கும், அவரிடம் அடிமையாக இருந்த ஹன்னா என்ற பெண்ணுக்கும் பிறந்தவர். அப்பாவின் உயிலே அதைச் சொல்கிறது. அன்றைய சட்டப்படி அவர் பிறவி அடிமை. ஆனால் வளர்ந்த பிறகு வெள்ளையராகவே வாழ்ந்தார், மக்கள்தொகைக் கணக்கிலும் வெள்ளையர் என்றே பதிவு. மைதானத்தில் யாரும் முகம் சுளித்ததாகப் பதிவு இல்லை, சுளிக்க அவர்களுக்குத் தெரியாதே. பிறப்பை வைத்துப் பார்த்தால் ஒயிட் முதல் ஆள். கறுப்பினத்தவர் என்று ஊர் அறிய இறங்கி, அதற்கான விலையையும் கொடுத்தவர்களில் வாக்கர் முதல். நான் இரண்டாவதன் பக்கம். சம்பளத்துக்கு ஆடியவர் என்று மட்டும் கேட்டால் இருவருமே இல்லை, 1878-லேயே பட் ஃபௌலர் சிறிய அணிகளில் ஆடிவிட்டார். 2020-ல் கறுப்பினத்தவருக்கென்றே தனியாக நடந்த பழைய நீக்ரோ லீக்குகள் ஏழையும் பெரிய லீக் என்று ஏற்றுக்கொண்ட பிறகு பட்டியல் இன்னும் நீண்டிருக்கிறது, ஆனால் அவை எல்லாம் 1920-க்குப் பிந்தியவை, இந்தக் கேள்வியைத் தொடாது. ராபின்சனை "முதல் கறுப்பினத்தவர்" என்று எழுதுபவர்களிடம் சண்டைக்குப் போக வேண்டாம், "அறுபத்திரண்டரை வருட அடைப்பைத் திறந்தவர்" என்று திருத்திக்கொண்டால் போதும்.

வாக்கர் அப்புறம் என்ன ஆனார் என்பது கேள்வியில் இல்லை, ஆனால் அவருடைய வாழ்க்கையில் பேஸ்பால் ஒரு சின்னத் துண்டு. 1891 ஏப்ரலில் சிராக்யூஸில் ஒரு மதுக்கடை அருகே வெள்ளைக்காரர்கள் சிலர் அவரைச் சீண்டினார்கள், பேச்சு தடித்தது, தலையில் அடி விழுந்தது. வாக்கர் பேனாக்கத்தியால் பாட்ரிக் மர்ரி என்பவரைக் குத்திவிட்டார், அவர் இறந்துபோனார். கொலை வழக்கு. முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி ஜூன் 3 அன்று அவர் குற்றவாளி இல்லை என்றது, நீதிமன்றத்தில் கூடியிருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். 1891-ஐ வைத்து யோசித்தால் நம்ப முடியாத தீர்ப்பு. அதே வருடம் பீரங்கிக் குண்டு ஒன்றுக்குக் காப்புரிமையும் வாங்கினார்! பிறகு ரயில்வேயில் தபால் குமாஸ்தா. 1898-ல் தபால் திருட்டு வழக்கில் ஒரு வருடச் சிறை. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், அவரைப் புனிதர் ஆக்கினால் ஆள் கையிலிருந்து நழுவிவிடுவார். முதல் மனைவி அரபெல்லா 1895-ல் இறந்திருந்தார். பிறகு ஓபர்லினில் படித்த எட்னாவை மணந்தார்.

தம்பியோடு சேர்ந்து 'தி ஈக்வேட்டர்' என்ற பத்திரிகை நடத்தினார். 1908-ல் ஐம்பது பக்கத்துக்கும் குறைவான ஒரு சிறு நூல் எழுதினார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் இந்த நாட்டில் சேர்ந்து வாழ முடியாது, கறுப்பினத்தவர் ஆப்பிரிக்காவுக்குக் குடிபெயர்வதே வழி என்பது அதன் வாதம். "தடையை உடைத்தவர்" என்று அவரைக் கொண்டாடுபவர்கள் பெரும்பாலும் இந்த நூலைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஓபர்லினில் வெள்ளையரோடு ஒரே வகுப்பில் படித்து, ஒரே அணியில் ஆடி, வெள்ளையர் ஜூரியால் விடுதலையான மனிதர்தான் அதை எழுதினார் என்பதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஆனால் அவர் ஆப்பிரிக்கா போகவில்லை. ஸ்டூபன்வில்லுக்குச் சற்று மேற்கே காடிஸ் என்ற ஊரில் (நடிகர் கிளார்க் கேபிள் பிறந்த ஊர்) 1904 முதல் நாடகக் கொட்டகை ஒன்றை எட்னாவோடு சேர்ந்து நடத்தினார். நாடகம், பாட்டுக் கச்சேரி, பிறகு சினிமா. வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்து ஆடும் 'மின்ஸ்ட்ரல்' கூத்துகளும் அந்த மேடையில் ஏறின. டிக்கெட் வருமானம் கல்லாவில் விழ, அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். 1920-ல் ஃபிலிம் ரீல் சம்பந்தமான கருவிகளுக்கு மூன்று காப்புரிமை பெற்றார். அதே வருடம் எட்னா இறந்தார். இரண்டு வருடம் கழித்துக் கொட்டகையை விற்றுவிட்டு கிளீவ்லாந்து போனார். 1924 மே 11 அன்று நிமோனியாவில் இறந்தபோது வயது 67. ஸ்டூபன்வில் யூனியன் கல்லறைத் தோட்டத்தில் அரபெல்லாவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். அறுபது வருடத்துக்கு மேல் அந்த இடத்தில் பெயர்க்கல்கூட இல்லை, பிற்பாடு ஓபர்லின் கல்லூரிக்காரர்கள் ஒன்று வைத்தார்கள்.